மச்சான் அடித்த கோல்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில், எங்கள் ஒழுங்கையின் உதைபந்தாட்ட அணியில் ஒருவரை நான் இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் திட்டினேன். மழைக்கும் விட்டதில்லை. காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்த் திட்டிவிட்டு வந்து படுத்த நாளும் உண்டு. அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். கோல் அடிக்கமாட்டார்.

அணியில் அவருக்குக் கொடுத்த வேலையே அதுதான். மற்ற பத்துப் பேரும் ஓடி, விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பந்தை அவரிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவரும் அழகாகத்தான் எடுப்பார். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் எதிரணிக்காரர் இரண்டு பேர் ஒரு பக்கம் போவார்கள், இவர் மறுபக்கம் போவார். அடுத்தவரையும் தாண்டுவார். கோல்கீப்பர் மட்டும் மிச்சம் நிற்கும்போது நாங்கள் எல்லோரும் எழும்பி நிற்போம். அந்த நேரம் பார்த்து அவருக்கு என்ன வந்து சேருமோ தெரியாது, பந்து கம்பத்துக்கு மேலால் போய் மதிலுக்கு அங்கால் விழும்.

மதிலுக்கு அங்கால் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா பந்தைத் திருப்பி எறிவதற்கு முன், "ஆயெத் எயாத?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். மறுபடியும் அவர்தானா என்று அர்த்தம். ஆட்டத்தைக் கண்ணாலேயே பார்க்காத மனுஷிக்குக்கூட ஆள் யாரென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் உடுப்புக் காயப்போடுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் அப்போது கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க். கிழமையில் மற்ற நாளெல்லாம் "யெஸ் சேர்", "ரைட் சேர்" என்பதற்கு மேல் வாய் திறக்க வழியில்லை. ஞாயிறு பின்னேரம் மட்டக்குளி மைதானத்தில்தான் வாய்க்கு விடுதலை. எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால், வலையோடு ஒட்டி, என் இடம். எங்கள் ஆள் பந்தோடு என்னை நோக்கித்தான் ஓடிவர வேண்டும் என்பதால் நான் சொல்வது ஒன்றும் அவருக்குத் தவறாது.

"மச்சான், கம்பம் ரெண்டும் போன கிழமை நிண்ட இடத்திலதான் நிக்குது!"

"மச்சான், மேல ஒருத்தரும் இல்லை, கீழ அடியும்!"

"மச்சான், ஹார்பரில பெட்டி இறக்கிறதும் இப்பிடித்தானோ? கப்பலுக்கு மேலால போய் அங்கால கடலுக்கையோ விழுது?"

அவர் துறைமுகத்தில் ஒரு பண்டசாலையில் சாமான் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தார். ஊர் மன்னார். கொச்சிக்கடைப் பக்கம் ஓர் அறை எடுத்திருந்தார். திட்டினால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பந்து மதிலைத் தாண்டியதும் என்னைப் பார்த்து, மன்னிக்கவேணும் என்பதுபோல் கையை நெஞ்சில் வைப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். திட்டு வாங்குகிறவன் கொஞ்சமாவது முறைத்தால்தானே திட்டுகிறவனுக்கு ஒரு மரியாதை.

இரண்டாவது வருடம் அவருடைய அம்மா மன்னாரிலிருந்து மகனோடு இருக்க வந்தார். ஞாயிறுகளில் மைதானத்து ஓரத்து மண் மேட்டில் கடதாசியில் சுற்றின கடலைச் சரையோடு வந்து உட்காருவார். உதைபந்தாட்டத்தில் அவருக்கு எதுவும் தெரியாது. தன் மகன் அங்கே ஓடுகிறான் என்பது தெரியும். கம்பத்துக்குப் பின்னால் ஒரு பெடியன் நின்று தன் மகனை வாய் ஓயாமல் மச்சான், மச்சான் என்று கூப்பிடுகிறான் என்பதும் தெரியும். மற்றது ஒன்றும் அந்தத் தூரத்துக்குக் கேட்டிருக்காது.

கொட்டாஞ்சேனையில் மச்சான் என்ற சொல்லுக்கு உறவே தேவையில்லை. தமிழன் தமிழனை மச்சான் என்பான், சிங்களவன் தமிழனை மச்சான் என்பான், பஸ்ஸில் காலை மிதித்தவனையும் மச்சான் என்றுதான் ஏசுவோம். ஆனால் மன்னாரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு மச்சான் என்றால் மச்சான்தான். தங்கச்சியைக் கட்டினவன், இல்லையென்றால் கட்டப்போகிறவன். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்பதையும் அவர் எங்கேயோ விசாரித்து அறிந்துவிட்டார்.

ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு, ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தா. அவர் குடித்து முடித்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி இவ்வளவு சனத்துக்கு நடுவில வாய் நிறைய மச்சான் எண்டு கூப்பிடேக்க, நாங்கள் பேசாம இருந்தா மரியாதையில்லைத்தானே. அதுதான் நானே வந்தனான், உங்கட பிள்ளையைக் கேட்டு."

எனக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அறைக்குள், திரைச்சீலைக்குப் பின்னால், தங்கச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அது நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போனதும் நான் துள்ளத் தொடங்கினேன். "அம்மா, அந்த மனுஷன் நிண்ட நிலையில கோல் அடிக்கத் தெரியாத ஆள்!"

"குடிப்பாரோ?" என்று அம்மா கேட்டா.

"இல்லை."

"வேலை?"

"ஹார்பரில. நிரந்தரம்."

"அப்ப கோல் அடிச்சு என்னத்துக்கு?" என்றா அம்மா. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அம்மாவுக்கு விளங்கக்கூடிய பதிலாக இல்லை.

தங்கச்சி வெளியே வந்து, "எனக்கு ஓம்" என்றாள்.

"உனக்கு அவரைத் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும். ரெண்டு வருசமா ஞாயிறு ஞாயிறா நீ வீட்டுக்கு வந்து அவரைப் பற்றித்தானே கதைச்சனீ. எப்பிடி ஓடுவார், எப்பிடித் தலை வாரி இழுப்பார், நெஞ்சில கை வைக்கிறது, எல்லாம் எனக்குப் பாடம். உன்ர வாயைக் கேட்டும் அடுத்த ஞாயிறு திரும்ப வந்து நிக்கிறாரே, அண்ணா, அந்த ஆளைவிட நல்ல ஆளை எங்க தேடப்போறாய்?"

அவளுக்கு அதற்கு முன் ஒரு கல்யாணப் பேச்சு வந்து, எல்லாம் சரி என்றிருந்த நேரத்தில், மாப்பிள்ளை லண்டன் போய்க் கடிதத்தை நிறுத்திவிட்டான். அதன்பின் அவள் எதற்கும் ஓம் சொன்னதில்லை. அதை நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. போன ஞாயிறு ஆட்டத்தின் சூடு இன்னும் தலையில் இருக்க, "சரி, அவர் ஒரு கோல் அடிக்கட்டும். அடிச்ச அண்டைக்கே நான் ஓம் எண்டு சொல்லுறன்" என்று விட்டேன். அப்பா இல்லாத வீட்டில் என் சொல்தான் சொல் என்று அம்மா ஒரு பிடிவாதம் வைத்திருந்தா. நான் விட்ட வார்த்தையை அப்படியே கொண்டுபோய் அந்த அம்மாவிடம் ஒப்புவித்தா. அவர் அதை எங்கள் குடும்பத்து வழமை என்று நினைத்து, "அதுக்கென்ன, அடிப்பான்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டம் மிச்சம் இருந்தது.

முதல் ஞாயிறு மதிலுக்கு அங்கால். இரண்டாவது ஞாயிறும் அதே மதில். வீட்டுக்கு வந்தால் தங்கச்சி வாசலில் நின்று, "இண்டைக்கு?" என்று மட்டும் கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். முதல் கிழமை என் சோற்றுக் கோப்பையில் மீன் குறைந்தது. இரண்டாம் கிழமை குழம்பும் குறைந்தது. மூன்றாம் கிழமை அவள் "இண்டைக்கு?" என்று கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் வந்தது.

மறுநாள் வேலை விட்டதும் துறைமுக வாசலில் போய் நின்று அவரைப் பிடித்தேன். "கோலும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். நான் சொன்னதை மறந்திடும்" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி, "இல்லை, சொன்னது சொன்னதுதான். அடிக்காமல் வந்து கட்டினா, காலத்துக்கும் நீர் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்" என்றார். அவர் என்னைச் சரியாகத்தான் அளந்து வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அவர் கோல் அடிக்க வேண்டும் என்று கொழும்பில் என்னைவிட ஆசைப்பட்டவன் கிடையாது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். தொலைந்த பொருளைக் கண்டெடுத்துக் கொடுக்கிற புனிதர் அவர். எங்கள் ஆளின் கோல் எந்த இடத்தில் தொலைந்தது என்று அவருக்கு விளக்கமாகச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நாலாவது ஆட்டத்தில் திட்டுவதை நிறுத்தி, "நல்லது மச்சான், பரவாயில்லை மச்சான், ஆறுதலா அடியும்" என்று உற்சாகப்படுத்திப் பார்த்தேன். என் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததைக் கேட்ட திகைப்பில் அவர் பந்தின் மேலேயே கால் வைத்து விழுந்தார்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், வெட்கத்தை விட்டு, எதிரணிக் கோல்கீப்பரிடம் போனேன். வெள்ளவத்தையில் கடை வைத்திருந்த மனுஷன். கதையைச் சொல்லி, ஒரேயொரு கோல் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடலாம். ஆனா உங்கட ஆள் பந்தை என்ர பக்கம் அனுப்பினாத்தானே நான் விடுறதுக்கு" என்றார்.

கடைசி ஞாயிறு மண் மேட்டில் அந்த மன்னார் அம்மாவும் என் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நடுவில் தங்கச்சி. அவள் மைதானத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் அணி நாலு கோல் வாங்கிவிட்டது. அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. ஒழுங்கை முழுக்க வேறொரு கணக்குக்காகக் காத்திருந்தது. முடியப் போகிற நேரம் எதிரணிக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்ட, மத்தியஸ்தர் பெனால்டி கொடுத்தார். கப்டன் பந்தைக் கொண்டுபோய் எங்கள் ஆள் முன்னால் வைத்தான்.

வலைக்குப் பின்னால் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். மதிலுக்கு அங்காலிருந்தும் சத்தமில்லை.

அவர் ஓடிவந்து அடித்தார். கோல்கீப்பர், சொன்ன சொல் தவறாத மனுஷன், பந்து போகாத பக்கமாகப் பார்த்து நீட்டி விழுந்தார். பந்து எழும்பி, மேல் கம்பத்தின் முதுகில் பட்டு, வலையின் மேல் விழுந்து, வலையை ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு, பின்பக்கமாக உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அவ்வளவு பதிவாக, உயரம் குறைத்து, அவர் அதற்கு முன் அடித்ததில்லை. ஆனாலும் அது கோல் இல்லை. நான்கு அடி தூரத்தில் நின்ற எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மண் மேட்டில் இருந்தவர்கள் வலை ஆடியதைக் கண்டு பாதி எழும்பியிருந்தார்கள். உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் என் அம்மா என்னைப் பார்த்தா. அந்த அம்மாவும் பார்த்தார். தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மைதானத்து வலை பழைய மீன் வலை. அடியில் கட்டு அவிழ்ந்திருந்தது. நான் பந்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். அது வலைக்கு அடியால் புகுந்து உள்ளே போய் அமைதியாகக் கிடந்தது.

"கோல்!" என்று கத்தினேன். இரண்டு வருடம் திட்டிப் பழகிய தொண்டை, மதிலுக்கு அங்காலும் கேட்டிருக்கும்.

மத்தியஸ்தர் கோல் இல்லையென்று கையை வேறு பக்கம் காட்டினார். என் அம்மாவுக்கு மத்தியஸ்தரின் கை விளங்காது, என் சத்தம் விளங்கும். இரண்டு அம்மாமாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோல்கீப்பர் படுத்தபடியே எனக்குக் கண்ணடித்தார். எங்கள் ஆள் மட்டும் வலைக்குப் பக்கத்தில் வந்து, முகம் வாடி, "அது வெளியால போனது" என்றார்.

"ரெண்டு வருசமா நான் சொன்னதெல்லாம் பேசாமல் கேட்டனீர்" என்றேன். "இதையும் கேளும்."

அன்று வீட்டில் என் கோப்பையில் மீன் மூன்று துண்டு இருந்தது. தங்கச்சி பக்கத்தில் நின்று, "அது உள்ளுக்குப் போகேல்லைத்தானே?" என்று மெல்லக் கேட்டாள். நான் முள் எடுப்பதில் கவனமாக இருந்தேன். அவள் இன்னொரு துண்டு வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்த வேண்டும் என்று சுவாமியார் கேட்பார். மூன்றாவது ஞாயிறு அவர் அதை வாசித்து முடித்ததும், ஒழுங்கைக்காரர் எல்லோருடைய தலையும் மெல்ல என் பக்கம் திரும்பியது. நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். அப்போது நாங்கள் இருந்த மர வாங்கு எனக்குப் பக்கத்தில் கிறீச்சிட்டது. மனச்சாட்சி பொறுக்காமல் மாப்பிள்ளையே எழும்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய புதுச் சட்டையை எட்டிப் பிடித்து ஒரே இழுவையில் இருத்தினேன்.

"பேசாமல் இரும் மச்சான்" என்றேன். "உள்ளுக்குத்தான் போனது."