ஸ்டேஷன் மாஸ்டரின் ஒன்பது சேவ் ஃபைல்கள்

1. ஜீப்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் கேம் சென்டர் இருந்தது. எட்டு கொம்பியூட்டர், ஒரு ஏசி, பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. வடக்கில் போர் நடந்த காலம். ஒரு நாள் காலை பதினொரு மணிபோல் வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. முதலில் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் எங்கள் வாடிக்கையாளர் பரராஜா அங்கிள். அங்கிளின் எண்பது பக்கக் கொப்பி இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது.

கொப்பியை என் மேசையில் விரித்து, சிங்களத்தில் கேட்டார்.

"மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு. கோடு கீறி நேரமும் எழுதியிருக்கு. லொட்ஜ் செக்கிங்கில தலையணைக்குக் கீழ கிடந்தது. கேட்டா, உங்கட கடையில விளையாடுற கேம் எண்டு சொல்றார். உண்மையா?"

"ஓம் சேர். ரயில் கேம்."

"அப்ப காட்டுங்க."

என்னால் காட்ட முடியாது. அவருடைய சேவ் ஃபைல் ஒன்பதையும் முந்தின நாள் நானே அழித்திருந்தேன்.

2. சீட்டு விளையாடிய மனிதர்

இப்போது நான் கேம் டெஸ்டிங் செய்யும் ஒரு கம்பனியில் சீனியர். ஒரு ஆளைப் பழக்கமில்லாத வகைக் கேமுக்குள் எப்படி இழுப்பது என்று புதுப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு ஸ்லைட் போட்டு வகுப்பே எடுப்பேன். அந்த வித்தையை நான் கற்றது அந்தக் கடையில்தான். அதன் விலையை மட்டும் ஸ்லைடில் போடுவதில்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் விசாவுக்காக லொட்ஜில் காத்திருப்பவர்கள். ஒரே கேமையே பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். சுடுகிறவன் சுடுவான், கார் ஓட்டுகிறவன் ஓட்டுவான். நான் கால் மணித்தியாலம் சும்மா தந்து வேறொரு வகையைப் போட்டுவிடுவேன். பத்தில் ஆறு பேர் மாட்டுவார்கள். அதில் எனக்குப் பெரிய தலைக்கனம்.

பரராஜா அங்கிள் கனடாவில் இருக்கும் மகளிடம் போகக் காத்திருந்தார். கொம்பியூட்டரில் சீட்டு மட்டும்தான் விளையாடுவார். அதுவும் முகத்தில் ஒரு உணர்ச்சி இல்லாமல். ஒருநாள் கேட்டேன்.

"அங்கிள், ஊரில என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஸ்டேஷன் மாஸ்டர், பிள்ளை. லைன் போச்சு, ஸ்டேஷனும் போச்சு."

அடுத்த நிமிடம் நாலாம் நம்பர் மெஷினில் ரயில் கேமைப் போட்டேன். தண்டவாளம் போட்டு, சிக்னல் நட்டு, நேர அட்டவணைப்படி ரயில் ஓட்டுகிற கேம். "எனக்கு இது சரிவராது" என்றவர் அரை மனதோடு உட்கார்ந்தார். பத்தாவது நிமிடம் ஒற்றை லைனில் இரண்டு ரயில் நேருக்கு நேர் மோதின. அங்கிள் எழுந்து போய்விட்டார். ஒரு ஆளை இழந்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் கடை திறக்கும்போது கொப்பியும் சிவப்புப் பேனையுமாக வாசலில் நின்றார்.

"முப்பத்தொரு வருச சேர்விஸில என்ர லைனில ஒரு மோதல் இல்லை, பிள்ளை. நேற்றைய பிழையைப் பிடிக்கவேணும்."

ஸ்டேஷன் பெயர்களை மாற்றலாம் என்று காட்டிக்கொடுத்தது நான். வேறு யாராவது ஃபைலுக்கு மேல் சேவ் பண்ணிவிடுவார்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்று சொன்னதும் நான். வவுனியாவுக்கு அங்கால் ரயில் போகாத அந்த வருடங்களில், நாலாம் நம்பர் மெஷினில் அது காங்கேசன்துறை வரை போனது.

3. டிலீட்

ஜீப் வருவதற்கு முந்தின நாள், பக்கத்து ஒழுங்கையில் பொலிஸ் செக்கிங் என்று கேள்விப்பட்டேன். வடக்கு ஊர்ப்பெயரோடு கடையில் ஏதும் இருக்கிறதா என்று தேடினேன். "கிளிநொச்சி 1"-இல் தொடங்கி ஒன்பது ஃபைல். அங்கிள் கூப்பிடு தூரத்தில் லொட்ஜில் இருந்தார். கேட்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நல்ல வேலை செய்தேன் என்று பிளேன்டீ குடித்தேன்.

4. சிங்கிள் லைன்

நடந்ததை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"நேற்று அழிச்சீங்களா? நல்ல நேரம் பார்த்துத்தான்."

அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அழித்தது அவருக்கு அப்போதுதான் தெரியும். வியாழக்கிழமை அவருக்கு விசா இன்டர்வியூ. உள்ளே வைத்தால் அதுவும் போகும், அதற்கு மேலும் போகும்.

"சேர், கேம் இருக்கு. கொப்பியைப் பார்த்துத் திரும்பக் கட்டிக் காட்டுறன்."

இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் போட்டார். "நீங்க கட்டுங்க நங்கி. அவர் வாய் திறக்கக் கூடாது. கொப்பியில உள்ளது கேம் எண்டா, கேமில ஓடவேணும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கேமை நான் ஒரு நாளும் விளையாடியதில்லை. போட்டுக் கொடுத்ததோடு சரி. ஆனால் கொப்பி ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் கொப்பி. எந்த இடத்தில் ரயில் ஒதுங்கி நிற்க லூப் லைன், எத்தனை கட்டம், எந்தச் சிக்னல் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், எல்லாம் வரிசையாக இருந்தது. பிழை நடந்த இடமெல்லாம் சிவப்பு. முக்கால் மணித்தியாலத்தில் மாங்குளமும் கிளிநொச்சியும் திரையில் வந்தன. ஒரு கான்ஸ்டபிள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு ரயிலை விட்டேன். இரண்டும் ஒரே லைனில் எதிரெதிரே வந்தன. ஒரு சிக்னலை மாறி நட்டிருக்கிறேன், எது என்று தெரியவில்லை. என் மூளை வேலை செய்யவில்லை.

அங்கிள் வாய் திறக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். எதிரே வரும் ரயிலை மறிக்க அவர் ஆயுள் முழுக்கத் தூக்கிய கை.

"நவத்தன்ன, நங்கி, நவத்தன்ன" என்றார் இன்ஸ்பெக்டர். நிறுத்துங்க தங்கச்சி, நிறுத்துங்க என்று. கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். நான் பாஸ் பட்டனை அழுத்தினேன். ரயில்களுக்கு நடுவில் மூன்று கட்டம் இருந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் அங்கிளைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப என்ன செய்யவேணும், மாஸ்டர்?"

"ரெண்டாவது சிக்னல் மறுபக்கம் பார்க்கவேணும்" என்றார் அங்கிள் நல்ல சிங்களத்தில். மாற்றினேன். ஒரு ரயில் லூப் லைனில் ஒதுங்க, மற்றது கடந்து போனது.

வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு அங்கிளை விட்டுவிட்டார்கள். கொப்பியை இன்ஸ்பெக்டர் திருப்பித் தரவில்லை.

5. பிறகு

வியாழக்கிழமை இன்டர்வியூ சரிவந்தது. வெள்ளிக்கிழமை அங்கிள் கடைக்கு வந்தார். நான் பாய்ந்துபோய் நாலாம் நம்பரில் ரயில் கேமைப் போட்டேன். மாங்குளமும் கிளிநொச்சியும் சேவ் பண்ணி வைத்திருந்தேன்.

"வேண்டாம், பிள்ளை. சீட்டைப் போடும்."

"அங்கிள், மிச்சத்தையும் திரும்பக் கட்டலாம்."

"ஒருக்கா லைன் போறதைத் தாங்கலாம்" என்றார். பிறகு, கோபமே இல்லாமல்: "அழிக்க முதல் என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்."

விமானம் ஏறும் வரை மூன்று கிழமை தினமும் வந்து சீட்டுத்தான் விளையாடினார். முகத்தில் பழையபடி ஒன்றும் இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

எங்கள் டெஸ்டிங் ரூமில் யாருடைய சேவ் ஃபைலையும் அந்த ஆளைக் கேட்காமல் அழிக்கக்கூடாது, அது வெறும் டெஸ்ட் ஃபைலாக இருந்தாலும். டிஸ்க் நிரம்பும்போதெல்லாம் பிள்ளைகள் என்னைக் கரைச்சல் பிடித்த மனுசி என்பார்கள். சொல்லட்டும். ஒரு ஆளைப் புதுக் கேமுக்குள் இழுப்பது கால் மணித்தியால வேலை. உள்ளே போனபின் அந்த ஆள் அங்கே எதைக் கட்டுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.