பல்லாவரம் சந்தையில் 'அஞ்சு பேர்'

போன வாரம் என் செல்போனை ஷேர் ஆட்டோவில் விட்டுவிட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி நாலு எட்டு நடந்த பிறகு சட்டைப் பையைத் தொட்டால்... காலி. பக்கத்து மளிகைக் கடைக்காரரின் போனை இரவல் வாங்கி என் நம்பருக்கே அடித்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தார். சேலையூரில் இறங்கி நிற்பதாகவும், வந்து வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார். இருபதே நிமிடம். போன் கைக்கு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஒரு யோசனை. இப்போதெல்லாம் தொலைந்த பொருள், தானே மணியடித்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறது. எழுபதுகளில் நான் தொலைத்த குடைகளும் டிபன் பாக்ஸ்களும் என்றைக்காவது என்னைக் கூப்பிட்டதுண்டா?

ஒன்றே ஒன்று கூப்பிட்டது. அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

எழுபத்தேழு என்று நினைக்கிறேன். எனக்கு இருபது வயது, பி.எஸ்ஸி. கடைசி வருஷம். எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவான கொயரில் டெனார், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடிக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் இன்னும் சரி. அதே கொயரில் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் ஸ்டெல்லா அக்கா. இருபத்தாறு வயது. சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, அளந்து பேசும் பேச்சு.

இந்த ஸ்டெல்லா அக்காவிடம்தான் ஒரு அமெரிக்க ஹார்ட் ராக் குழுவின் எல்.பி. ரெக்கார்டுகள் மூன்று இருந்தன.

நம்ப முடிகிறதா? நானே முதலில் நம்பவில்லை.

ரெக்கார்டுகள் அவருடைய அண்ணன் ஃபிரான்சிஸுக்குச் சொந்தம். சரக்குக் கப்பலில் வேலை. மற்ற கப்பல்காரர்கள் சென்ட் பாட்டிலும் நைலக்ஸ் புடவையும் கொண்டுவருவார்கள். இவர் ரெக்கார்டு கொண்டுவருவார். அவர் கடலில் இருக்கும் மாதங்களில் காவல் ஸ்டெல்லா அக்கா.

குழுவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், 'அவர்களைவிட இவர்கள்தான் மேல்' என்று உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். அட்டையில் முடி வளர்த்த ஐந்து பேர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே எங்களுக்குள் அது 'அஞ்சு பேர்'. கோவில் வாசலில் நின்று, "அஞ்சு பேர் எப்படிக்கா இருக்காங்க?" என்று கேட்டால் ஃபாதருக்குக்கூடச் சந்தேகம் வராது.

முதல் தடவை கேட்ட மத்தியானம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பெரியவர்கள் வெளியே போயிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஒரு துண்டைச் செருகி, சூட்கேஸ் மாதிரி திறக்கிற ரெக்கார்டு பிளேயரில் அக்கா தட்டை வைத்தார். முள் இறங்கியது. கொஞ்சம் இரைச்சல்... பிறகு ஒரு கிடார். தகரத்தை யாரோ நிதானமாகக் கிழிப்பது போல. பின்னால் டிரம்ஸ். அது காதுக்குள் போகவில்லை, நேராக நெஞ்சுக்குள் போனது. அதன் மேல் அந்தப் பாடகனின் குரல். இதற்கு மேல் போனால் தொண்டை கிழிந்துவிடும் என்று நாம் நினைக்கிற இடத்திலிருந்துதான் அவன் ஆரம்பிப்பான்.

எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்று கேட்டேன். அக்கா முகத்தில் சின்னச் சிரிப்பு. வால்யூம் மட்டும் இரண்டைத் தாண்டவில்லை.

ஒரே வாரத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எழும்பூரில் என் சித்தப்பா மகனிடம் டேப் ரெக்கார்டர் இருந்தது. மூன்று ரெக்கார்டுகளையும் கேசட்டில் பதிந்துகொண்டு வந்துவிடுகிறேன் என்று நச்சரித்தேன். அக்கா ரொம்ப யோசித்தார். அண்ணன் சனிக்கிழமை லீவில் வருகிறார், அதற்குள் எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கட்டி, குழந்தையைத் தருவது போல என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை போனேன், பதிந்தேன், திரும்பினேன். மின்சார ரயிலில் ஜன்னல் வழியாக நல்ல வெயில். வெயில் பட்டால் தட்டு வளைந்துவிடும் என்று அக்கா எச்சரித்திருந்தாரே? பொறுப்பான ஆளாக, பார்சலை சீட்டுக்கு அடியில் நிழலில் சாய்த்து வைத்தேன்.

தாம்பரத்தில் பொறுப்பில்லாத ஆளாக இறங்கிவிட்டேன்.

வாசலில் சீசன் டிக்கெட்டைக் காட்டும்போதுதான் கை காலியாக இருப்பது உறைத்தது. ஓடினேன். அந்த ரயில் அதற்குள் பீச் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் புறப்பட்டு, அதன் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை முழுக்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினேன். யாருக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் ஸ்டெல்லா அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த பரீட்சைப் பேப்பர் கட்டை மூடி வைத்தார். நாளைக்கு ஸ்கூல் விட்டதும் தானும் வருவதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். இரண்டு பேரும் பீச் வரைக்கும் போய் இன்னொரு தடவை விசாரித்துவிடலாம் என்று ரயில் ஏறினோம். சானடோரியம் போயிற்று. குரோம்பேட்டை போயிற்று. பல்லாவரத்தில் வண்டி நின்றது. வெள்ளிக்கிழமை அல்லவா, சந்தை நாள். கூட்டம் இறங்கியது, ஏறியது. வண்டி நகர ஆரம்பித்தது.

அப்போது வெளியிலிருந்து ஒரு கிடார்.

தகரத்தை நிதானமாகக் கிழிக்கும் அதே கிடார். கூம்பு ஸ்பீக்கரில், பல்லாவரமே அதிரும்படி.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஆள் இல்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு ஸ்டெல்லா அக்கா ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துவிட்டார். நானும் குதித்தேன். எனக்கு முழங்காலில் தோல் பெயர்ந்தது. அவருக்குச் செருப்பு மட்டும் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் வந்த திசையில் ஓடினார்.

சந்தைக்குள் நுழைந்தோம். மண்பானை, கோழிக் கூண்டு, பழைய இரும்பு, மிளகாய் மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலே மூங்கிலில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், அதிலிருந்து அஞ்சு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு பேரம் பேசினார்கள். கம்பத்தின் கீழே ஒரு துணி வியாபாரிக்காக மைக் செட் வைத்திருந்த ஏழுமலை என்பவர் பிளேயரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு, இடுப்பில் கை வைத்தபடி, ஒரு அம்மாள். அவர் பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. தினமும் காலையில் தாம்பரத்தில் மீன் விற்பார், வெள்ளிக்கிழமை இங்கே கருவாடு விற்பார்.

அக்கா மூச்சு வாங்க, இது என்னுடைய ரெக்கார்டு என்றார்.

பாக்கியம்மா அசரவில்லை. செவ்வாய்க்கிழமை வியாபாரம் முடிந்து தாம்பரத்தில் ஏறியபோது சீட்டுக்கு அடியில் பார்சல் காலில் தட்டியிருக்கிறது. மேலே பெயரில்லை, விலாசமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், மீன் வாசனை படக்கூடாது என்று அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சந்தைக்குச் சுற்று வட்டாரம் முழுக்க வரும் என்று காத்திருந்து, ஏழுமலையிடம் கொடுத்து, ஒவ்வொரு ரயிலும் வந்து நிற்கும் நேரத்தில் போடச் சொல்லியிருக்கிறார். இதை மத்தியானத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் கேக்கற பாட்டா இருந்தா பத்து பேரு என்னுதுன்னு வந்துகினு இருப்பான்," என்றார் பாக்கியம்மா. "இத்த கேட்டா ஊரே பேஜார் ஆவுது. இது இன்னான்னு தொலைச்சவனுக்குத்தான் தெரியும். அவன் மட்டும் ஓடியாருவான்னு எனக்குத் தெரியும்."

எப்பேர்ப்பட்ட மூளை... எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

ஆனால் ரெக்கார்டை அவர் கொடுக்கவில்லை. ஓடி வந்தால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்றார். கையைக் காட்டினார். ஏழுமலை முள்ளைத் தூக்கினார். சந்தை திடீரென்று அமைதியானது.

"உன்னுதுதான்னா மிச்சத்தை நீ பாடு."

நான் பாடுகிறேன் என்று முந்தினேன். சொந்தக்காரிதான் பாட வேண்டும் என்று பாக்கியம்மா என்னை ஓரங்கட்டினார். ஏழுமலை மைக்கை நீட்டினார்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். "குட் ஈவ்னிங் டீச்சர்," என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாயார்.

போச்சு, என்று நினைத்தேன். சிஸ்டர்கள் பள்ளிக்கூடம். கல்யாணமாகாத டீச்சர். நடுச் சந்தை. வேறு யாராக இருந்தாலும் ரெக்கார்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அண்ணனுக்கு ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்டெல்லா அக்கா அறுந்த செருப்பைக் கீழே போட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். மைக்கை வாங்கினார்.

முதல் வரியை ஆல்ட்டோ குரலில், கோவிலில் பாடுவது போலத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் கால் தாளம் போட்டது. மூன்றாவது வரியில் கிடார் வாசிக்க ஆள் இல்லாததால் அதையும் வாயாலேயே வாசித்தார். பிறகு அந்த இடம் வந்தது. பாடகன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு மேலே போகும் இடம். கண்ணை மூடினார்... போனார்!

அந்தக் குரல் அதுவரை எங்கே இருந்தது? கொயர் மாஸ்டர் நாலு வருஷமாக 'மெல்ல, மெல்ல' என்று அடக்கி வைத்த குரல் அது. ஸ்பீக்கர் கீச்சென்று ஊளையிட்டது. கூண்டில் கோழிகள் படபடத்தன. துணி வியாபாரி முழம் போட்ட கையை அப்படியே நிறுத்தினார்.

பாக்கியம்மா போதும் என்றார். அக்காவுக்குக் கேட்கவில்லை. அந்தச் சரணத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

ஏழுமலை முள்ளைத் தூக்கிய இடத்திலேயே திரும்ப இறக்கினார். அதே வரிகள். அதே இடம். அதே கத்தல். ஒரு கணம் சந்தையே கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவர் விசில் அடித்தார். இன்னொருவர் கை தட்டினார். அப்புறம் எல்லோரும்.

"எடுத்துக்கினு போ கண்ணு. அவன விட நீ நல்லா பாடற," என்றார் பாக்கியம்மா.

அக்காவின் கண்ணில் தண்ணீர். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். பாக்கியம்மாவின் கையை ஒரு தடவை இறுகப் பிடித்துவிட்டு, கூடையில் மிச்சமிருந்த நெத்திலிக் கருவாடு அத்தனையையும் வாங்கினார். பரிசு எதையும் அந்த அம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை.

பிடித்த விஷயத்தை நம்மில் பலர் ஏன் திருட்டுத்தனமாகவே ரசிக்கிறோம்? ஊர் என்ன சொல்லுமோ என்றுதானே? ஊரைக் கேட்டால் கை தட்டுகிறது. நாம்தான் கேட்பதே இல்லை.

திங்கட்கிழமை, எதிர்பார்த்தபடியே, ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். சந்தையில் மைக் பிடித்துப் பாடினீர்களாமே, உண்மையா? உண்மைதான் சிஸ்டர். என்ன பாஷை? இங்கிலீஷ் சிஸ்டர். புகார் சொன்ன தாயாருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையாமே?

"எனக்கே பாதிதான் புரியும் சிஸ்டர்," என்றாராம் அக்கா.

சிஸ்டர் ஸ்போர்ட்ஸ் டேக்கு மைக்கில் அறிவிப்பு செய்ய ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். விசாரணை முடிந்தது.

அதற்கு முன்னால் சனிக்கிழமை இருக்கிறதே. ஃபிரான்சிஸ் அண்ணா வந்தார். இரண்டு ரெக்கார்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது, மைக் செட்டின் ஆணி மாதிரி முள்ளில் ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றியதால், முதல் பாட்டு முழுவதும் கரகரவென்று பொரிந்தது. அக்கா எதையும் மறைக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லி, அந்தக் கரகரப்புதான் பல்லாவரம் சந்தை என்றார். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன், தேவைப்பட்டால் ஓட வசதியாக.

அண்ணா அந்தப் பாட்டை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். அந்த ஏழுமலை எந்தக் கம்பத்துக்குக் கீழே உட்காருவார் என்று மட்டும் விசாரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரைத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். பல்லாவரம் சந்தைக்குப் போகிறாராம். கருவாடு வாங்க.

கருவாடு வாங்கப் போகிற மனுஷன் கையில் எதற்கு ஒரு எல்.பி. ரெக்கார்டு?