வாசற்படியும் படத்தில் வரட்டும் என்ற அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரிலாவது அக்கா எடுத்த படம் ஒன்று மாட்டியிருக்கும். அந்தப் படங்கள் வந்த கதையைச் சொன்னாலே அக்காவைப் பற்றிச் சொன்னதாகிவிடும் என்று தோன்றுகிறது.

அக்கா சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அவர் இறந்தபோது அக்கா பத்தாம் வகுப்பை முடித்திருந்தார். நான் மூன்றாம் வகுப்பு. அடுத்த மாதமே அக்கா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே விற்கும் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றார். அவர் நின்றதால்தான் நான் உட்கார்ந்து படித்து, மந்தைவெளியில் பள்ளி ஆசிரியை ஆனேன்.

முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபோது, பொழுது போகட்டும் என்று அக்காவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். சூரியன் கடலுக்கு மேல் ஏறிக்கொண்டிருக்க, எங்களைக் கடலை ஒட்டி நிறுத்தி அக்கா முதல் படத்தை எடுத்தார்.

“இன்னாடி இது, எல்லாரும் கரிக்கட்டையா கீறீங்க?”

வேறு யாராவது என்றால் போனைக் குறை சொல்லியிருப்பார்கள். அக்கா வழியெல்லாம் யோசித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் திடீரென்று என் தொடையில் தட்டினார். “கடையில டியூப்லைட்டுக்குக் கீழ மெரூன் கலர் பிரவுனாத் தெரியும்டி. அதுக்குத்தான வாசலுக்கு எட்தாந்து காட்டுவோம்? பொடவைக்கு ஒரு நியாயம், மூஞ்சிக்கு ஒரு நியாயமா?” மறுவாரம் அதே கடற்கரையில் எங்களை வெயில் பக்கம் திருப்பி நிறுத்தினார். அந்தப் படம்தான் இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது.

அதன்பின் எதிரில் யார் வந்தாலும் படம்தான். எடுக்கும் முன் முந்தானையால் லென்ஸைத் துடைப்பார். குழந்தை என்றால், வலிக்கிற முழங்காலை மடக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிடுவார். மேலிருந்து எடுத்தால் தலைதான் பெரிதாக வரும் என்பார். ஆளைப் பார்க்குமுன் ஆளுக்குப் பின்னால் பார்ப்பார். என் கணவரின் உச்சந்தலையில் விளக்குக் கம்பம் முளைத்த படத்துக்குப் பிறகு வந்த பழக்கம் அது. நான் ஜூம் பண்ணினால், “கால் இல்ல உனக்கு? கிட்டப் போ” என்று அதட்டுவார். “சிரிங்க” என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. “இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்று கேட்பார். பதில் சொல்லி முடிக்கிற முகத்தை எடுத்துவிடுவார்.

அக்கா என்னோடு மந்தைவெளிக்கு வந்துவிட்ட பிறகும் ஞாயிறுதோறும் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அங்கே எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பெண் செல்வி, நந்தனத்தில் வீட்டு வேலை செய்பவள், ஒருநாள் படம் கேட்டாள். “யக்கா, மூஞ்சி மட்டும் பெருசா எடுக்கா.”

“மூஞ்சி எங்க போனாலும் உன்கூட வரும். இந்த வாசப்படி வருமா? அதுவும் படத்துல வரட்டும், தள்ளி நில்லு” என்றார் அக்கா. செல்வியும் அவளுடைய இரண்டு மகள்களும், நீலக் கதவும், கதவில் எழுதிய எண்ணும், வாசலில் கழுவி வைத்த பாத்திரங்களும் சேர்ந்தே படத்தில் விழுந்தன.

சில மாதங்களில் குடியிருப்பைக் காலி செய்து, நகருக்கு வெளியே மாற்று வீடு கொடுப்பதற்கான கணக்கெடுப்பு வந்தது. அந்த வாரம் செல்வி, காய்ச்சல் கண்ட மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பூட்டிய வீடு என்று எழுதிவிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் வீடும் இல்லை. அலுவலகத்துக்கு மூன்று முறை போய் அழுதுவிட்டு வந்தாள். நான்காம் முறை அக்கா கூடப் போனார். நானும் போனேன்.

“ஆள் இல்லாத வீடுன்னு எழுதியிருக்கும்மா. நான் என்ன பண்ண முடியும்?” என்றார் மேசையில் இருந்த அலுவலர்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. புடவையை விரிப்பதுபோல் போனை அவர் முன் வைத்தார். “நம்பரப் படிங்க சார். எடுத்த தேதியும் அதுலயே கீது. ஆளில்லாத வீட்லயா இவ்ளோ பாத்திரம் கழுவி வெச்சிருக்கு?”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். “இதே மாதிரி விட்டுப்போன வேற வீட்டுப் படம் இருக்காம்மா?”

“அந்த வரிசையே கீது சார்.”

மறுபடியும் விசாரித்தார்கள். செல்வி வீட்டோடு சேர்த்து, விடுபட்ட ஐந்து வீடுகளும் பட்டியலில் ஏறின. அத்தனை தூரம் போவதில் யாருக்கும் விருப்பமில்லைதான். ஆனால் தெருவில் நிற்கும் நிலை எவருக்கும் வரவில்லை. பெயர் ஏறிய அன்று மாலை செல்வி, “என் பேரு வந்துடுச்சி!” என்று சந்து முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாள். யாரோ மேளம் கொண்டுவந்தார்கள். முழங்கால் வலியோடு அக்கா ஆடினார். அதை நான் படம் எடுத்தேன். பார்த்துவிட்டு, “ஆள் ஆடலாம்டி, எடுக்கிற கை ஆடலாமா?” என்று சிரித்தார்.

கடைசி மாதங்களில் அக்காவின் இதயம் பலவீனமடைந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றார். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அவரை ஜன்னலோரம் நிற்கவைத்து எடுத்துக் கொடுத்தார். சில வாரம் கழித்து அந்தப் பெண் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அக்கா கேட்ட ஒரே கேள்வி: “போட்டோ எடுக்க யாரச் சொல்லிகீறீங்க?” அதற்கு மூன்றாம் நாள் அமைதியாகப் பிரிந்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த கடை நண்பர்களுக்கும், இரண்டு பஸ் மாறி விடியுமுன்னே வந்து நின்ற ஐந்து குடும்பங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோள். இன்றைய நினைவுக் கூட்டத்தில் சாப்பிட்டதும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்து நில்லுங்கள். செல்வி படம் எடுக்கப் போகிறாள். இன்று சாம்பாரா வத்தக்குழம்பா என்று அவள் கேட்டால், உரக்கவே சொல்லுங்கள்.