கோலுக்குப் பின்னால் ஒரு விசில்

போன ஞாயிறு நான் வகுப்புக்குப் போனேன். இந்த வயதில்!

எங்கள் தோட்டவெளி ஊர்ப் பிள்ளை நிரோஜா. கம்பஸில் மின் பொறியியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் சும்மா இருப்பாளா? 'சிக்னல் புரோசெசிங்' சொல்லித்தருகிறேன் என்று மாதா கோயில் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டிவிட்டாள்.

"பயப்பிடாதேங்கோ. சத்தத்தில வேண்டியதை வைச்சு, வேண்டாததைத் தள்ளுறதுதான் வேலை" என்றாள்.

பழக ஒரு சத்தம் வேண்டுமே? ரெக்சன் தன் போனை நீட்டினான்.

ரெக்சன் எங்கள் ஊர் கோல் கீப்பர். ஃபைனலில் பந்து வரும்போது அசையாமல் நின்றவன்! எதிரணி எருக்கலம்பிட்டிப் பெடியள் கோல் அடித்தார்கள், கப் போய்விட்டது. "ரெஃபரியின்ர விசில் கேட்டுத்தான் நிண்டனான்" என்று தலையில் அடித்துச் சொன்னான். யார் நம்பினோம்? கோயில் சுரூபம் மாதிரி நின்றானாம்... 'சுரூபம்' என்றே பட்டம் வைத்தாயிற்று. பாவம், அதன்பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

கோலுக்குப் பக்கத்தில் நின்று யாரோ எடுத்த வீடியோ அது. ஒரே காற்று. மன்னார்க் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

"காத்து கீழ் சுருதியில இரையும், விசில் மேல் சுருதியில கீச்சிடும். கீழை வெட்டுவம்" என்று நிரோஜா லப்டொப்பைத் தட்டினாள். இரைச்சல் போய், திரையில் இரண்டு விசில் கோடுகள். ஒன்று கோல் விழுந்த பிறகு. மற்றது — கோல் விழுமுன்!

ரெக்சன் கதிரையை விட்டுத் துள்ளினான். "பாத்தனீங்களோ? நான் பொய் சொல்லேல்லை!"

மண்டபம் கைதட்டி ஓய, ஒரு பெட்டை கேட்டாள்: "ஏனக்கா பிந்தின கோடு மட்டும் நடுங்குது?"

"அது ரெஃபரியின்ர விசில். உள்ள குண்டு உருளும், அதால நடுங்கும். முந்தினது நேர்கோடு... வாயில விரல் வைச்சு அடிச்ச..."

நிறுத்திவிட்டாள். முகம் சிவந்துபோனது.

"ஐயோ! கோலுக்குப் பின்னால நிண்டு மெச் முழுக்க நான்தான் அடிச்சனான்!"

நான் சிரித்த சிரிப்பில் கதிரை பின்பக்கம் சாய்ந்தது. காற்றின் இரைச்சலை வெட்ட ஒரு தட்டு போதும். ஊர் வாயின் இரைச்சலை வெட்ட எந்தக் கம்பஸில் படிப்பது?

"மன்னிச்சுக்கொள் தம்பி" என்றாள் நிரோஜா. எல்லோரும் ரெக்சனைப் பார்த்தோம். கோபிப்பானோ?

"பரவாயில்லை அக்கா. அடுத்த மெச்சுக்கும் கட்டாயம் வாங்கோ... ஆனா மற்றப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால நில்லுங்கோ!"