மச்சாள் ஓட்டிய முப்பது சுற்று

மச்சாள் ஜன்னல் வழியாகக் காருக்குள் ஏறுவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பந்தயக் காரில் கதவு திறக்காது. அடிபட்டால் பிய்ந்து போகாமல் இருக்க எல்லாக் கதவையும் இரும்போடு இரும்பாக ஒட்டிவிடுவார்கள். கண்ணாடியும் கிடையாது, ஓடும்போது கட்டிவிடுகிற ஒரு வலைதான். நாற்பத்தாறு வயது மனிசி, கலியாண வீடுகளில் காஞ்சிபுரம் கட்டி முன்வரிசையில் இருக்கிறவ, ஒரு காலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் போட்டு, கூரையைப் பிடித்து, உடம்பை வளைத்து உள்ளே சறுக்கினா. பின்னல் மட்டும் வெளியே தொங்கியது. அதையும் இழுத்து உடுப்புக்குள் செருகிக்கொண்டு, "என்ன சிரிப்பு? நீர் பஸ்ஸிலை ஏறுறதை விட நான் வடிவாத்தான் ஏறினனான்" என்றா. உண்மையும் அதுதான்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. ஸ்காபரோவில் ஒரு கராஜில் அடிபட்ட கார்களின் நெளிவெடுத்துப் பெயின்ற் அடிக்கிற வேலை அவவுக்கு. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் பந்தயக் காரைத் திருத்தக் கொண்டுவந்தாராம். அதை ஓட்டிப் பார்க்கக் கேட்டவதான், பிறகு அந்தப் பைத்தியம் அவவை விடவில்லை. பழைய நாலு சிலிண்டர் கார் ஒன்றை வாங்கி, உள்ளே இரும்புக் கூடு கட்டி, கோடை வந்தால் பந்தயத்துக்குப் போகத் தொடங்கினா. எங்கள் சனத்தின் வாயைக் கேட்க வேண்டுமா? "உவவுக்கு என்ன விசரோ" என்று என் தையல் மெசினுக்கு முன்னாலேயே இருந்து கதைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பிளவுஸை நான் கொஞ்சம் இறுக்கமாகவே தைத்துக் கொடுத்தேன் என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விசயம். நாலு கோடை ஓடியும் மச்சாள் ஒரு பெரிய பந்தயத்தைக்கூட முடித்ததில்லை. ஒருதரம் எஞ்சின் கொதித்தது, ஒருதரம் சுவரில் அடித்தது, ஒருதரம் சில்லே கழன்று தனக்கு முன்னால் ஓடிப்போனது என்று அவவே சொல்லிச் சிரிப்பா. ஐந்தாவது கோடை தொடங்கும்போது சாப்பாட்டு மேசையில் வைத்து அறிவித்தா: இந்த வருசக் கடைசிப் பந்தயத்தையும் முடிக்காவிட்டால் காரை விற்றுவிடுவேன், இனி அந்தக் கதையே இல்லை. அண்ணன் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட வைக்கவில்லை.

தான் இப்படிப் பிடிவாதம் பிடித்த காரணத்தை மச்சாள் எனக்கு மட்டும்தான் சொன்னா, பிளவுஸுக்கு அளவெடுக்க நின்றபோது. ஊரில் பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான ஏ.எல். பாதி எழுதும்போது சண்டையால் இடம்பெயர வேண்டி வந்தது. கொழும்பில் தாதிப் படிப்புக்குச் சேர்ந்தா, ஆறு மாதத்தில் இந்த நாட்டுக்கு விசா வந்தது, விட்டுவிட்டு வந்தா. இங்கே வந்து பார்க்டேலில் இருந்தபோது கணக்கியல் படிக்கப் போனா, மகன் பிறந்தான், அதுவும் நின்றது. "நான் தொடங்கினது ஒண்டும் முடிஞ்சதில்லை. எனக்கு வெல்லுறதெல்லாம் வேண்டாம். கடைசிக் கொடி விழேக்கை நான் காருக்குள்ளை இருக்கோணும், கார் ஓடிக்கொண்டு இருக்கோணும். அவ்வளவுதான்" என்றா. கையைத் தூக்கிக்கொண்டே சொன்னா, நான் அளவை மறந்துபோய் இரண்டாம் தரம் எடுக்க வேண்டி வந்தது.

அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு நான் போனது தற்செயல். அவர்களுடைய குழு மூன்றே பேர்: அண்ணன், எஞ்சின் பார்க்கிற மெக்கானிக் நானா (முஸ்லிம் ஆள், அவர்கள் அண்ணனை நானா என்பார்கள், எங்களுக்கும் அவர் நானாதான்), சில்லுகளின் ரயர் பார்க்கிற அண்ணனின் சிநேகிதர். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ரயர்காரரின் பெறாமகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. அந்தச் சாமத்தியவீட்டுக்கு ஒன்பது பிளவுஸ் தைத்தது நான்தான் என்பதால், ஆள் குறைந்ததில் எனக்கும் பங்கிருக்கிறது என்று அண்ணன் நியாயம் பேசி என்னை ரக்கில் ஏற்றிவிட்டார். காரை ரெயிலரில் பூட்டி இழுத்துக்கொண்டு, பிக்கரிங்கையும் தாண்டி ஒன்றரை மணித்தியாலம். மடியில் ஐம்பது மட்டன் றோல்ஸ்.

நான் நினைத்திருந்தது ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிகிற இடம் என்று. போய்ப் பார்த்தால் கோயில் திருவிழாவுக்கு வந்தது போல இருந்தது. வரிசையாக ரெயிலர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கார், காருக்குக் கீழே இரண்டு கால்கள். மச்சாளைக் கண்டதும் எல்லாப் பக்கமும் இருந்து கை காட்டினார்கள். றோல்ஸ் பெட்டி திறந்ததும் அடுத்த இடத்துக் குழு மொத்தமாக எங்களிடம் வந்துவிட்டது. அதிகாரி ஒருவர் வந்து இடுப்புப் பட்டி, தீயணைப்புக் குப்பி, காரின் நிறை எல்லாம் பார்த்தார், வாயில் எங்கள் றோல்ஸோடுதான் பார்த்தார். பிறகு நானா காரின் முன்மூடியை, பானெற்றை, திறந்து "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி எஞ்சினை முடுக்கினார். அந்தச் சத்தம் என் பல்லுக்குள் போய் நின்றது. எனக்கு அது பிடித்துப்போயிற்று, மறைக்க என்ன இருக்கிறது.

முதலில் எட்டுச் சுற்று முன்னோட்டம். பெரிய பந்தயத்தில் யார் எங்கே நிற்பது என்று அதில்தான் முடிவாகும். மச்சாளுக்குப் பதினாலாவது இடம் கிடைத்தது. ஆனால் திரும்பி வரும்போது காருக்குக் கீழே தண்ணீர் ஒழுகியது. ரேடியேற்றர் குழாய் வெடித்திருந்தது. எங்களிடம் மாற்றுக் குழாய் இல்லை. பக்கத்து இடத்துக்காரர், அன்றைக்கு மச்சாளுக்கு எதிராக ஓடப் போகிறவர், தன் பெட்டியைத் துழாவி ஒரு குழாயை எடுத்து நானாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். இங்கே அப்படித்தானாம். தோற்கடிக்க வேண்டிய ஆளின் காரை முதலில் ஓடப் பண்ண வேண்டும்.

அண்ணனும் நானாவும் காருக்குக் கீழே போனார்கள். எனக்கு அண்ணன் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: "அந்த நாலு ரயருக்குப் பக்கத்திலை குந்தியிரு. ஒண்டையும் தொடாதை." பெரிய பந்தயத்துக்கென்று தனியாக வைத்திருந்த ரயர்கள் அவை. நான் சும்மா இருந்து பழகினவளா? ரயர்களைப் பார்த்தால் ஒரே தூசி, போதாததற்கு யாரோ சோக்குக் கட்டியால் கிறுக்கி வைத்திருந்தார்கள். வாழ்க்கையிலேயே முக்கியமான ஓட்டத்துக்குப் போகிற ரயர்கள் இப்படியா போவது? துணியை நனைத்து நாலையும் பளபளவென்று துடைத்தேன். கைப்பையிலிருந்த திருநீற்றைப் பூசி, சந்தனம் குழைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தேன். எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா?

அண்ணன் வந்து நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இதிலை எழுதியிருந்தது எங்கை?" என்றார். எந்த எழுத்து, அந்தச் சோக்கு ஊத்தையா என்று கேட்டேன். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

விசயம் இதுதான். அந்தப் பாதை முட்டை வடிவம், கார் எப்போதும் இடப்பக்கமே திரும்பும். அதனால் வலப்பக்க ரயர்களின் சுற்றளவு இடப்பக்கத்தை விடக் கொஞ்சம் கூடவாக இருக்க வேண்டும். கண்ணுக்கு நாலும் ஒன்றுதான், வித்தியாசம் ஒரு அங்குலத்துக்குள். முந்தின நாள் அளந்து, எந்த ரயர் எந்தப் பக்கம் என்று சோக்கால் எழுதி வைத்திருந்ததைத்தான் நான் திருநீறு பூசி அழித்திருக்கிறேன். மாறிப் பூட்டினால் கார் திரும்பாமல் நேரே சுவரைப் பார்த்துப் போகும். அளக்கிற நாடா, அந்த ரேப், ரயர்காரரின் காரில், அந்தக் காரோ மார்க்கம் நகரில் சாமத்தியவீட்டு மண்டபத்து வாசலில். பந்தயத்துக்கு இருபத்தைந்து நிமிசம்.

அண்ணன் ரேப் கேட்டு ஓடினார். நாலு வருசம் எஞ்சினும் சுவரும் செய்த வேலையை ஐந்தாவது வருசம் நான் செய்துவிட்டேனே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே கைப்பையைத் திறந்து என் தையல் ரேப்பை எடுத்தேன். அது அறுபது அங்குலம், ரயரோ எழுபதுக்கு மேலே. அதனால் என்ன, கலியாணப் பாவாடையின் கீழ்ச்சுற்று இதைவிடப் பெரிசு. அறுபதில் ஒரு கோடு போட்டு அங்கிருந்து மிச்சத்தைப் பிடிப்பேன். ரேப் தளரவும் கூடாது, இழுபடவும் கூடாது. ஒவ்வொரு ரயரையும் மூன்றுதரம் அளந்தேன். அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது நாலிலும் புது இலக்கம் எழுதியிருந்தது.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு ரயருக்கு இடையில் வெறும் கால் அங்குலம்தான் வித்தியாசம், துணி அளக்கிற ரேப்பை நம்பி எப்படி மனிசியை அனுப்புவது, இந்தப் பந்தயம் வேண்டாம் என்றார். அவர் பயந்ததில் பிழையில்லை, நானே பயந்துதான் நின்றேன். மச்சாள் ஹெல்மெற்றைக் கையில் வைத்தபடி வந்து, ரயர்களைப் பார்த்தா, பொட்டுகளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"இருவது வருசமா உவ தச்ச பிளவுஸைத்தான் போடுறன். ஒருநாளும் பிழைச்சதில்லை. பூட்டுங்கோ" என்றா.

நானா சில்லுகளை உருட்டிக்கொண்டு போனார்.

முப்பது சுற்று. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வளைவில் நான் கண்ணை மூடிவிட்டேன், அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பச்சைக் கார், எங்கள் பச்சைக் கார், வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. "திரும்புதடி, வடிவாத் திரும்புது" என்றார் அண்ணன். பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் அதையே சொன்னார். பதினெட்டாவது சுற்றில் முன்னால் போன ஐந்தாறு கார்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஒரே புகை. மச்சாளின் கார் அந்தப் புகைக்குள் போனது. நானா கண்ணை மூடி ஏதோ ஓதினார். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். புகையின் கீழ்ப்பக்கத்தால், புல்லை உரசிக்கொண்டு, ஒரு கீறலும் இல்லாமல் பச்சைக் கார் வெளியே வந்தது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த இடத்துக்காரர்கள் பயந்துபோனார்கள்.

கடைசி மூன்று சுற்றும் பானெற்றிலிருந்து ஆவி வந்தது. நானா "நில்லாதே, நில்லாதே" என்று காரோடு கதைத்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட கொடி ஆடியபோது கார் ஓடிக்கொண்டிருந்தது. மச்சாள் உள்ளே இருந்தா.

ஓடிப் போய் ஜன்னல் வலையை அவிழ்த்தோம். மச்சாள் ஹெல்மெற்றைக் கழற்றி, முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக, "நான் எத்தினையாவது?" என்று கேட்டா. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கார் ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறோம், ஒருத்தரும் எண்ணவில்லை. முடிவை எழுதிப் பலகையில் ஒட்டியபோது மச்சாளே போய் விரலை வைத்துத் தேடினா. பழக்கத்தில் அடியிலிருந்து தேடினா, அங்கேதான் ஓட்டத்தை முடிக்காதவர்களின் பெயர்கள் இருக்கும். அங்கே இல்லை. விரல் மெல்ல மெல்ல மேலே போய் ஒன்பதாவது பெயரில் நின்றது. விரலை எடுக்காமல் அப்படியே நின்றா. பின்னால் பார்க்க வந்தவர்கள் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது மச்சாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நானும் கோடை ஞாயிறுகளில் தையல் எடுப்பதில்லை, குழுவில் என் வேலை ரயர் அளக்கிறது. ரயர்காரர் அடுத்த வருசம் திரும்பி வந்தபோது அவரை ரேடியேற்றர் தண்ணீர் பார்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டோம். அவருக்கு அதில் இன்னும் மனவருத்தம்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது அண்ணன்தான் ரக்கை ஓட்டினார். பிக்கரிங் கிட்ட வரும்போதுதான் அண்ணன், பார்வையை வீதியிலேயே வைத்துக்கொண்டு, "அப்ப, நினைச்சதை முடிச்சிட்டீர். இனிக் காரை என்ன செய்யிறது?" என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது. விற்கச் சொல்லிவிடுவாவோ என்ற பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மச்சாள் மடியிலிருந்த பெட்டியில் மிஞ்சிக் கிடந்த ஒரேயொரு றோல்ஸை இரண்டாகப் பிய்த்து, பாதியை அவருடைய வாயில் வைத்தா.

"முடிக்கத் தெரிஞ்சிட்டுதப்பா. இனி முந்திப் பாப்பம்."