ராணியக்காவின் ஒரே சட்டி

ஆக்லாந்தின் ஒனிஹங்கா, வெள்ளிக்கிழமை மாலை. கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு இங்கே குடியேறிய ராணியக்காவின் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு யூதப் பெண்மணி மிரியம் எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய் ஓய்வுநாள் விளக்கேற்ற வேண்டுமாம்.

அக்கா விடுவதாக இல்லை. இன்று முழுக்க மரக்கறிதான், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார்.

மிரியம் அடுப்பை எட்டிப் பார்க்கிறார். "இந்தச் சட்டியில் எப்போதாவது இறைச்சி சமைத்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். மத முறைப்படி அவர் வீட்டில் இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு வேறு சட்டி.

"கழுவின பிறகு சட்டிக்கு என்ன தெரியும்?" என்று அக்கா என்னிடம் தமிழில் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். நான் முட்டைகூடத் தொடாத மதுரைச் சைவம். அக்கா வீட்டில் தங்க வந்த நாள் முதல் இந்தச் சட்டிக் குழம்பைத்தான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

சிரிப்பு பாதியில் நிற்கிறது. "அக்கா, அப்ப இதுல..."

"ஓம், நீங்கள் வாறதுக்கு முதல் நாள் கோழி வச்சது. வடிவாக் கழுவினனான், தம்பி!"

மிரியத்துக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்க்கிறார். குழம்புக்குப் பதில் தனக்கென்று உரித்த வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, மேசையிலிருந்த சீப்பிலிருந்து இன்னொன்றைப் பிய்த்து என்னிடம் நீட்டுகிறார்.