தடையைத் தூக்கி மேலே வைத்த ரைட்டர்

போன செவ்வாய்க்கிழமை சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறியபோது எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அரை மணி நேர வேலை, அப்புறம் ஏரிக்கரையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் போட்ட திட்டம் என்றைக்குப் பலித்திருக்கிறது?

நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட். ஆபீசில் நாலு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். சர்வர் என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் ஒரு பழைய பெட்டி அந்த லைனில் டயல் செய்து, கிடைக்கிற இன்டர்நெட்டை மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். அதில் ஃபயர்வால் போட்டவன் நான்தான். யார் வெளியே போகலாம், எங்கே போகக்கூடாது என்று வரிவரியாக எழுதி வைத்தால் அதன்படி காவல் காக்கும். குமாஸ்தாக்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார்களே என்று மேனேஜர் தங்கராஜ் சாருக்கு வயிற்றெரிச்சல்... அதற்காகத்தான் இந்தக் காவல்.

முந்தின நாள் அவர்தான் போன் செய்தார்.

"ஏனுங்க, இன்டர்நெட்டு சுத்தமா நின்னு போச்சுங்க. அமெரிக்காவுல பொண்ணு நெறமாசமா இருக்குது. மாப்பிள்ளை மெயில்லதான் சேதி போடுறேன்னாரு. ஊட்ல அழுவறாங்க, உடனே வாங்க!"

போனேன். ஆபீஸ் ரூமில் அவர் மனைவி எஸ்தர் அம்மா உட்கார்ந்து குட்டியாக ஒரு கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, சேதி வந்துருமுங்களா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் பஜ்ஜி மறந்துபோனது.

லைனில் டயல் செய்கிற மோடத்தைச் சந்தேகப்பட்டேன். கீ... கிர்ர்ர் என்று கத்திவிட்டு ஒழுங்காகத்தான் கனெக்ட் ஆனது. ஒயரை மாற்றினேன். மறுபடி டயல். சர்வர் வரைக்கும் நெட் வருகிறது, மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போக மாட்டேன் என்கிறது. சர்வரிலேயே மெயில் பார்த்தால் என்ன என்பீர்கள். அதில் மெயில் படிக்கும் வசதியை இந்தப் புத்திசாலி வைக்கவில்லை! மறுபடி டயல், மறுபடி டயல்... மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கு நிஜமாகவே வியர்த்தது, ஏற்காட்டுக் குளிரில்.

கடைசியில்தான் ஃபயர்வால் வரிகளைத் திறந்தேன். முதல் வரி — 'எல்லாருக்கும் தடை'. அதற்குக் கீழே அனுமதி பெற்றவர்கள், பதவி வரிசைப்படி. மேனேஜர், ரைட்டர், அக்கவுன்டன்ட்... அழகோ அழகு.

"இதை யார் மாத்தினது?"

எஸ்டேட் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் ரைட்டர் ஆரோக்கியசாமி பெருமையாக முன்னால் வந்தார். "நாந்தானுங்க. தடையைக் கொண்டுபோயி கடைசில போட்டிருந்தீங்க. பாக்க நல்லாவே இல்லீங்க. தூக்கி மேல வெச்சேன்."

ஏன் சார்? அவர் ஜன்னல் வழியாக எஸ்டேட் கேட்டைக் காட்டினார். போர்டில் கொட்டை எழுத்தில் 'உள்ளே வரக்கூடாது'. அடியில் பொடி எழுத்தில் 'அனுமதி பெற்றவர் தவிர'.

மனுஷன் இரண்டு வரியையும் படித்துவிட்டு உள்ளே வருவான். அந்தப் பெட்டி அப்படியில்லை. மேலிருந்து படிக்கும். தனக்கு முன்னால் நிற்கிற ஆளுக்குப் பொருந்துகிற முதல் வரி கிடைத்ததும் நிறுத்திவிடும், கீழே திரும்பிக்கூடப் பார்க்காது. 'எல்லாருக்கும்' என்றால் அதற்கு மேனேஜரும் சேர்த்திதான். எஸ்டேட்டில் 'எல்லாரும்' என்கிற வார்த்தைக்குள் மேனேஜர் எந்தக் காலத்தில் வந்திருக்கிறார்? ரைட்டருக்கு அது தோன்றாததில் ஆச்சரியமே இல்லை.

"தடையைக் கடைசில போட்டா யாருக்குங்க பயம் இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி! நம் ஊர் பார்க்கைப் பாருங்கள். பூ பறிக்கக்கூடாது, புல்லில் நடக்கக்கூடாது... என்னதான் செய்யலாம் என்று ஒரு போர்டாவது சொல்கிறதா?

தடையைக் கீழே இறக்கினேன். மடமடவென்று மெயில் வந்து விழுந்தது. தங்கராஜ் சார் சத்தமாகப் படித்தார். முதல் மெயில்: வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இரண்டாவது: 'மாமா, விடாமல் போன் செய்கிறேன், லைன் எங்கேஜ்டாகவே இருக்கிறது. அப்படி யாரிடம் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள்?'

அவ்வளவுதான். அதற்கு மேல் மெயில் இல்லை.

நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் மோடத்தைப் பார்த்தோம். காலையிலிருந்து நாங்கள் விடாமல் டயல் செய்துகொண்டிருந்த அதே லைன்!

எஸ்தர் அம்மா குல்லாயைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார், மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கினார், போனில் சொருகினார். பக்கத்திலேயே நின்றார். எங்களில் ஒருவருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மணி அடித்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை..." என்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பொண்ணா? ரெண்டு பேரும் நல்லாருக்காங்களா?" அழுகையும் சிரிப்புமாக வந்தது. தங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரைட்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ரிசீவரை வைத்துவிட்டு அம்மா பங்களா சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "பேத்தி பொறந்திருக்குது! இங்க இருக்கற எல்லாருக்கும் கேசரி கெளறுங்க!"

பிறகு எங்கள் பக்கம் திரும்பி முறைத்தார். "இந்த மூணு பேரைத் தவிர."

நான் தயங்கவே இல்லை. "அம்மா, முதல் வரியிலேயே 'எல்லாருக்கும்'னுட்டீங்க. அடுத்த வரி செல்லாதுங்க" என்று மேஜையிலிருந்த காலித் தட்டை எடுத்து நீட்டிவிட்டேன்.